பால் கணக்கில் வராத காளைக் கன்று

மாடு ஈனும் கன்றுகளில் காளையும் கிடேரியும் ஏறத்தாழச் சரிபாதி. 2019இல் எடுக்கப்பட்ட 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பைப் பாருங்கள்: இந்தியாவில் பசுவினத்தில் பெண் சுமார் 14.5 கோடி, ஆண் சுமார் 4.7 கோடி. எருமையில் பெண் சுமார் 10 கோடி, ஆண் ஒரு கோடிகூடத் தேறவில்லை. 2012 கணக்கெடுப்பில் பசுவினத்துக் காளைகள் 6.8 கோடி இருந்தன. ஏழே ஆண்டுகளில் அதில் 30 சதவீதம் குறைந்திருக்கிறது. அதே ஏழு ஆண்டுகளில் பசுக்களின் எண்ணிக்கை 18 சதவீதம் கூடியிருக்கிறது.

பிறந்த காளைகள் எங்கே போயின என்பதில் மர்மம் எதுவும் இல்லை. மாடு வளர்க்கும் யாரைக் கேட்டாலும் தெரியும். சில கன்றுகள் பால் கிடைக்காமல் சில வாரங்களில் செத்துப்போகின்றன. சிலவற்றைத் தரகர் ஓட்டிச் செல்கிறார். சில கோயில் வாசலிலோ நெடுஞ்சாலை ஓரத்திலோ அவிழ்த்துவிடப்படுகின்றன. உழவும் பாரவண்டியும் இருந்த காலத்தில் காளைக் கன்று பிறந்தால் வீட்டுக்கு ஒரு சொத்து சேர்ந்தது. டிராக்டர் வந்த பிறகு அது வாயும் வயிறும் மட்டுமே உள்ள ஒரு செலவு.

பாலை அறத்தோடு உற்பத்தி செய்ய முடியுமா என்று இன்று பலர் கேட்கிறார்கள். கேள்வி பெரும்பாலும் தொழுவத்திலேயே நின்றுவிடுகிறது: மாட்டை அடிக்கிறார்களா, ஊசி போடுகிறார்களா, நிழல் இருக்கிறதா, தண்ணீர் காட்டுகிறார்களா? இவை கேட்கவேண்டிய கேள்விகள்தான். ஆனால், பாலின் உண்மையான அறச்சிக்கல் கறக்கும் நேரத்தில் இல்லை. கறக்காத உயிர்களிடம் இருக்கிறது. பால் தராத காளைக் கன்று, பால் வற்றிய கிழட்டுப் பசு ஆகிய இரண்டின் வாழ்நாள் செலவையும் பாலின் விலை சுமக்காதவரை, எவ்வளவு அன்பாகக் கறந்தாலும் அந்தப் பாலில் ஒரு கடன் பாக்கி இருந்துகொண்டே இருக்கும்.

கன்றுக்குப் போக மிச்சம்

முதலில் கறவையையே எடுத்துக்கொள்வோம். நாட்டு மாடு கன்று முட்டாமல் பால் இறக்காது. கன்றை அவிழ்த்துவிட்டு, அது நாலு காம்பிலும் முட்டிக் குடித்து மடி சுரந்ததும், இழுத்துப் பக்கத்தில் கட்டிவிட்டுக் கறப்பார்கள். முடித்த பிறகு மறுபடியும் அவிழ்த்துவிடுவார்கள். எத்தனை காம்பைக் கன்றுக்கு விடுவது என்பது அந்தந்த வீட்டின் மனதைப் பொறுத்தது. ஒட்டக் கறந்துவிடுகிறவர்களும் உண்டு, ஒரு காம்பைத் தொடாமல் விடுகிறவர்களும் உண்டு. தாயும் கன்றும் ஒரே தொழுவத்தில் இருந்தன என்பதும், கன்றை நக்கிக் கொடுக்கத் தாய்க்கு வாய்ப்பு இருந்தது என்பதும் அந்த முறையின் சிறப்பு.

மேலைநாட்டுப் பெரும்பண்ணைகளில் கன்று பிறந்த சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் தாயிடமிருந்து பிரித்துவிடுவது வழக்கம். தனிக் கூண்டில் வைத்து, வாளியில் பாலோ பால்பொடிக் கரைசலோ கொடுத்து வளர்க்கிறார்கள். இந்த வழக்கத்தை அங்குள்ளவர்களே இப்போது கேள்வி கேட்கிறார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் வெளியிட்ட அறிவியல் கருத்து, குறைந்தது ஒரு நாளாவது கன்று தாயோடு இருக்க வேண்டும் என்றும், வருங்காலத்தில் அந்தக் காலத்தை நீட்ட வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. ஸ்காட்லாந்தின் காலவே பகுதியில் டேவிட் பின்லே குடும்பத்தினர் நடத்தும் பண்ணையில் கன்றுகளை மாதக்கணக்கில் தாயோடு விட்டு, மாட்டை ஒரு வேளை மட்டும் கறக்கிறார்கள். நம் பாட்டிமார்களுக்குப் பழகிப்போன ஒன்று அங்கே ஒரு துணிச்சலான பரிசோதனையாக நடக்கிறது.

நாமோ எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறோம். தமிழ்நாட்டின் சமவெளியில் ஜெர்சிக் கலப்பும் மலைப்பகுதியில் ஹோல்ஸ்டீன் பிரீசியன் கலப்பும் பரவின. கலப்பின மாடு கன்று இல்லாமலும் பால் இறக்கும். கன்று செத்தாலும் கறவை நிற்காது என்பது அதன் சிறப்பாகவே சொல்லப்பட்டது. நாட்டு மாட்டில் கன்று செத்தால் பால் நின்றுவிடும் என்ற பயமே கன்றுக்கு ஒரு காவலாக இருந்தது. அந்தக் காவல் இப்போது விலகிவிட்டது. காளைக் கன்றின் பங்குக்கு முதல் வெட்டு விழுந்ததும் அப்போதுதான்.

சீம்பாலைக்கூடக் கன்றுக்கு முழுதாக விடாத வீடுகள் உண்டு. தாயின் நோய் எதிர்ப்புப் பொருட்கள் மாட்டில் நஞ்சுக்கொடி வழியே கன்றுக்குப் போவதில்லை. பிறந்த சில மணி நேரத்துக்குள் வயிறு நிறையச் சீம்பால் குடித்தால்தான் கன்று பிழைக்கும். அந்த முதல் பாலில் கருப்பட்டி போட்டு அவித்துப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கிறோம். கன்று குடித்து மிஞ்சியதை அவித்தால் அது விருந்து. அதற்கு முன்பே எடுத்தால் கன்றின் ஆயுளில் கைவைத்ததாகும்.

காந்தி விட்ட பால்

இந்தக் கேள்வியை இந்தியாவில் மிகத் தீவிரமாகத் தன்மீது போட்டுக்கொண்டவர் காந்தி. 1912இல் தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது அவர் பாலை விட்டார். புலனடக்கம் ஒரு காரணம். கல்கத்தாவிலிருந்து வந்த சில வெளியீடுகளில் பசுவையும் எருமையையும் வதைத்துக் கறக்கும் விதத்தைப் படித்தது இன்னொரு காரணம். மாட்டின் பிறப்புறுப்புக்குள் காற்றை ஊதிப் பாலை இறக்கும் ‘பூக்கா’ என்ற கொடுமை அன்று நகரக் கறவைத் தொழுவங்களில் நடந்துகொண்டிருந்தது.

1918இல் கேடா மாவட்டத்தில் அலைந்து கடும் வயிற்றுக்கடுப்பில் விழுந்தார். பால் குடிக்காமல் உடம்பு தேறாது என்றார் மருத்துவர். பசும்பாலும் எருமைப்பாலும்தானே வேண்டாம் என்றீர்கள், ஆட்டுப்பாலில் என்ன தடை என்று கஸ்தூர்பா கேட்டார். காந்தி இணங்கினார். சொல்லைக் காப்பாற்றி, சொல்லின் உயிரை விட்டுவிட்டோம் என்ற உறுத்தலைத் தன் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

பலரும் இந்தக் கதையோடு நின்றுவிடுவார்கள். இதைவிட முக்கியமானது அவர் பிறகு செய்தது. 1927இல் பெங்களூரில் தங்கியிருந்தபோது அங்கிருந்த கால்நடை, பால்பண்ணை நிறுவனத்துக்குப் போய் மாடு வளர்ப்பைக் கற்றுக்கொண்டார். கோசாலைகளோடு தோல் பதனிடும் கூடமும் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். பசுவைத் தெய்வமாகக் கும்பிட்டுக்கொண்டே பட்டினி போடும் சமூகத்திடம் அவர் வைத்தது பொருளாதாரக் கேள்வி: மாட்டை அதன் காலம் முடியும்வரை காப்பதென்றால், அதன் சாணமும், மூத்திரமும், செத்த பிறகு அதன் தோலும் எலும்பும் அந்தக் காப்புக்குப் பணம் ஈட்டித் தர வேண்டாமா? பக்தியால் மட்டும் ஒரு மாட்டுக்கும் தீனி போட முடியாது என்பதை அவர் புரிந்துவைத்திருந்தார்.

பூக்காவை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆவது பிரிவு குற்றமாக்கியது. பால் பெருக்குவதற்காக மாட்டின் உடல்நலத்துக்குக் கேடான பொருளை ஊசிமூலம் ஏற்றுவதும் அதே பிரிவின்கீழ் குற்றம். ஆனாலும், கன்று செத்த மாட்டுக்கு ஆக்ஸிடோசின் ஊசி போட்டுக் கறக்கும் பழக்கம் ஒழியவில்லை. 2018இல் தனியார் அந்த மருந்தைத் தயாரிக்க மத்திய அரசு தடை விதித்தபோது, பிரசவத்தில் ரத்தப்போக்கை நிறுத்த அது தாய்மார்களுக்கு உயிர்காக்கும் மருந்து என்ற வாதம் எழுந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே டெல்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்துசெய்தது. அப்போதும் மருந்தைப் பற்றிப் பேசினோமே தவிர, மாட்டுக்கு அந்த ஊசி ஏன் தேவைப்படுகிறது என்று கேட்கவில்லை. பெரும்பாலும் கன்று இல்லாததால்தான் தேவைப்படுகிறது. கன்று இல்லாமல் போனதற்குக் காரணம், அதற்கு விட வேண்டிய பாலையும் சேர்த்து விற்றது.

ஈத்து முடிந்த பிறகு

ஒரு பசு இயல்பாக வாழ்ந்தால் பதினைந்து, இருபது ஆண்டுகள் இருக்கும். கறவை வாழ்க்கை நம் ஊரில் ஐந்தாறு ஈத்தோடு முடிகிறது. மேலைநாட்டுப் பண்ணைகளில் இன்னும் குறைவு. அமெரிக்காவில் ஒரு பசுவிடமிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 10,000 கிலோவுக்கும் மேல் பால் எடுக்கிறார்கள். அவ்வளவு பாலைச் சுரக்கும் உடம்பு மடிநோய்க்கும் கால்நோவுக்கும் சினை பிடிக்காமைக்கும் எளிதில் ஆளாகி, மூன்றாவது ஈத்துக்குள்ளேயே கழிக்கப்படுகிறது. அங்கே கழித்த பசுவும் காளைக் கன்றும் வெளிப்படையாக இறைச்சிக்குப் போகின்றன. நியூசிலாந்தில் பிறந்து சில நாட்களே ஆன பத்து லட்சத்துக்கும் மேலான கன்றுகள் ஆண்டுதோறும் இறைச்சிக்கூடத்துக்குப் போகின்றன. பண்ணையிலேயே கன்றைக் கொன்று புதைப்பதை அந்நாட்டின் பெரிய பால் கூட்டுறவான பான்டெரா 2023இல் கட்டுப்படுத்தியது. இறைச்சியாகவோ வேறு ஏதாவது பொருளாகவோ அந்தக் கன்று பயன்பட்டாக வேண்டும் என்பது அதன் விதி.

நம் ஊரிலும் பால் வற்றிய மாடு போகும் இடம் அதேதான். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டம், பத்து வயது கடந்து உழைப்புக்கும் ஈனுவதற்கும் உதவாது என்று சான்று பெற்ற மாட்டை அறுக்க அனுமதிக்கிறது. 1976இல் வந்த அரசாணை பசுவையும் கிடேரியையும் அறுக்கத் தடை விதித்தது. பக்கத்தில் கேரளத்தில் தடை இல்லை. எனவே, செவ்வாயும் வியாழனும் கூடும் பொள்ளாச்சிச் சந்தை போன்ற இடங்களிலிருந்து அடிமாடுகள் மேற்கே போகின்றன. ஒரு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்கின்றன 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள். நெடுஞ்சாலையில் இரவில் போகிறவர்கள் அந்த எண்ணிக்கை எப்படி மதிக்கப்படுகிறது என்பதைப் பார்த்திருப்பார்கள்.

எருமைக்கு இந்தச் சட்டத் தடை இல்லை. உலகின் பெரிய மாட்டிறைச்சி ஏற்றுமதி நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று படிக்கும்போது பலர் அதிர்ச்சி அடைகிறார்கள். அது எருமை இறைச்சி. பாலுக்காக வளர்த்த எருமைகளின் ஆண் கன்றுகளும் பால் வற்றிய எருமைகளும்தான் அந்த ஏற்றுமதியின் மூலப்பொருள். உலகிலேயே அதிகப் பால் உற்பத்தி செய்யும் நாடு பெரிய மாட்டிறைச்சி ஏற்றுமதியாளராகவும் இருப்பது தற்செயல் அல்ல. இரண்டும் ஒரே தொழிலின் இரண்டு பேரேடுகள்.

தடை மட்டும் அறமாகுமா?

அப்படியானால் அறுப்பதை நாடு முழுக்கத் தடைசெய்தால் போதுமே என்று ஒரு தரப்பு சொல்கிறது. அதற்கான பதில் உத்தரப் பிரதேசத்தில் கிடைத்தது. 2017க்குப் பிறகு அங்கே மாட்டிறைச்சிக்கூடங்கள் மீதும் மாடு கடத்துவோர் மீதும் கெடுபிடி கூடியது. விற்க முடியாத மாட்டை உழவர்கள் அவிழ்த்துவிட்டார்கள். மாடுகள் வயலில் இறங்கின. பயிரைக் காக்க முள்கம்பி வேலி போட்டுக் குளிர்கால இரவுகளில் விழித்திருந்தார்கள் சிறு விவசாயிகள். 2019இல் கோசாலைகளுக்காக மாநில அரசு 0.5 சதவீதச் சிறப்பு வரி போட்டது. ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு 30 ரூபாய் என்று கொடுத்துவந்ததைப் பிறகு 50 ரூபாயாக உயர்த்தியது. 50 ரூபாயில் ஒரு மாட்டுக்கு வைக்கோல்கூட வயிறு நிறையப் போட முடியாது.

அந்தத் தடையின் செலவைச் சுமந்தவர்கள் யார் என்று பாருங்கள். பால் குடிக்கும் நகரத்தார் ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்கவில்லை. முதுமாட்டை விற்றுக் கிடைக்கும் பத்து இருபதாயிரத்தை அடுத்த மாட்டுக்கு முதலாகப் போட்டுவந்த விவசாயி அதை இழந்தார். தோலுரித்தும் இறைச்சி விற்றும் பிழைத்தவர்கள் அடிவாங்கினார்கள், சிலர் உயிரையும் இழந்தார்கள். மாட்டுக்கும் நன்மை இல்லை. கத்தியில் சாவதற்குப் பதிலாகக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று பசியால் சாகிறது. கொல்லாமை என்பது கொல்லும் வேலையை வேறொருவர் கைக்கோ பட்டினிக்கோ மாற்றிவிடுவதென்றால், அதை அறம் என்று அழைக்க முடியாது.

ஒரு லிட்டரின் முழு விலை

அப்படியென்றால் காளைக் கன்றையும் முதுபசுவையும் சாகும்வரை காக்கும் பாலின் விலை என்னவாகும்? ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் என் அனுமானம். உங்கள் ஊர்த் தீவன விலைக்கு ஏற்றபடி மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கலப்பினப் பசு நாளுக்குச் சராசரி 8 லிட்டர் வீதம் ஈத்துக்கு 300 நாள் கறக்கிறது. வாழ்நாளில் ஆறு ஈத்து என்று வைப்போம். மொத்தம் 14,400 லிட்டர். பால் வற்றிய பிறகு எட்டு ஆண்டுகள் உயிரோடு இருக்கிறது. தீவனம், மருந்து, கூலி எல்லாம் சேர்த்து நாளுக்கு 100 ரூபாய் என்றாலும் 2,92,000 ரூபாய். லிட்டருக்கு 20 ரூபாய் கூடுகிறது. ஆறு ஈத்தில் மூன்று காளைக் கன்றுகள். ஒவ்வொன்றும் பதினைந்து ஆண்டுகள் வாழ, நாளுக்கு 70 ரூபாய் செலவு என்றால் மூன்றுக்கும் சேர்த்து ஏறத்தாழ 11.5 லட்சம் ரூபாய். லிட்டருக்கு 80 ரூபாய். இரண்டும் சேர்த்தால் 100 ரூபாய்.

இப்போது உண்மை விலைக்கு வருவோம். பசும்பாலுக்குத் தமிழ்நாட்டின் பால் கூட்டுறவான ஆவின் கொடுக்கும் கொள்முதல் விலை 2022 நவம்பரில் லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ஆனது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்து 38 ஆனது. 2021 மே மாதத்தில் விற்பனை விலை 3 ரூபாய் குறைக்கப்பட்டபோது நீலப் பாக்கெட் பால் லிட்டர் 40 ரூபாய்க்கு வந்தது. பால் விலை நம் அரசியலில் பேருந்துக் கட்டணத்தைப் போல. கூட்டினால் ஆட்சிக்கு ஆபத்து, குறைத்தால் தேர்தல் வாக்குறுதி. அந்த 40 ரூபாயில் முதுபசுவுக்கான 20 ரூபாய் எங்கே உட்காரும்? காளைக் கன்றுக்கான 80 ரூபாய் எங்கே உட்காரும்?

இது வெறும் காகிதக் கணக்கல்ல. பிரிட்டனில் 2011இல் தொடங்கிய அகிம்சா பால்பண்ணை அறக்கட்டளை, எந்த மாட்டையும் அறுக்க அனுப்பாமல் பால் விற்கிறது. அதன் விலை சாதாரணப் பாலைப்போலப் பல மடங்கு; கிடைக்கும் அளவும் மிகச் சொற்பம். அங்கே எருதுகளுக்கு உழவு வேலையும் கொடுக்கிறார்கள். அதற்குப் பிறகும் அந்த விலை.

நம் கணக்கில் பெரிய சுமை காளைக் கன்றுதான் என்பதைக் கவனியுங்கள். இதற்குத்தான் இப்போது பாலினம் பிரித்த உறைவிந்து ஊசியை அரசு ஊக்குவிக்கிறது. அதில் பிறக்கும் கன்றுகளில் சுமார் 90 சதவீதம் கிடேரி. காளைக் கன்றின் சுமை லிட்டருக்கு 80 ரூபாயிலிருந்து 16 ரூபாயாக இறங்கிவிடும். பிறக்கும் உயிரைக் கொல்வதைவிட அது பிறக்காமல் இருப்பது மேல் என்பதால், இந்த ஊசியை நான் வரவேற்கிறேன். ஆனால், இதனோடு கதை முடிவதில்லை. ஒரு பசுவின் இடத்தை நிரப்ப ஒரு கிடேரி போதும். ஆறு ஈத்திலும் கிடேரியே பிறந்தால் மிச்சம் ஐந்து கிடேரிகளும் கறவைக்கு வந்து, அவையும் ஒருநாள் வற்றி, அடிமாட்டுச் சந்தைக்கு நடக்கும். மந்தை முடிவில்லாமல் பெருக முடியாது. ஊசியால் சிக்கலை ஒரு தலைமுறை தள்ளிப்போடலாம். தீர்க்க வேண்டுமானால் ஈத்தையே குறைக்க வேண்டும், ஒரு ஈத்தின் கறவையை நீட்ட வேண்டும். அதாவது பால் குறையும், விலை ஏறும்.

இரண்டு மறுப்புகள்

முதல் மறுப்பு, பாலையும் தவிர்க்கும் நனிசைவர்களிடமிருந்து வருவது: பால் கன்றுக்குச் சொந்தம், எவ்வளவு இரக்கத்தோடு எடுத்தாலும் எடுப்பது எடுப்பதுதான். மாட்டின் விருப்பமில்லாமல் சினை ஊசி போட்டு, அதன் தாய்மையை விற்கிறோம் என்கிறார்கள். இந்த வாதத்தைச் சிரித்து ஒதுக்குவது எளிது, பதில் சொல்வது கடினம். என் பதில் இது: ஒரு கன்றுக்கு நாளுக்கு மூன்று நான்கு லிட்டர் போதும், கலப்பினப் பசு தருவது அதைப்போல இரு மடங்கு. பங்கிட்டுக்கொள்ள இடம் இருக்கிறது. பதிலுக்கு ஆயுள் முழுவதும் தீனியும் பாதுகாப்பும் மருத்துவமும் கொடுத்தால் அதை ஒரு நியாயமான உறவு என்று வாதிடலாம். கொடுக்காவிட்டால் நனிசைவர் சொல்வதே சரி. இன்று நாம் கொடுப்பதில்லை.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. நாட்டில் ஏறத்தாழ 8 கோடி விவசாயிகள் பால் உற்பத்தியில் இருக்கிறார்கள் என்கிறது அரசு. பெரும்பாலோர் இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர்கள். நிலமில்லாத குடும்பத்தில் சொசைட்டியில் பால் ஊற்றி வரும் பணம், பெண் கைக்கு நேராக வரும் ஒரே பணமாக இருப்பதுண்டு. பிள்ளையின் பள்ளிக் கட்டணம், மளிகைக் கடன், சீட்டு எல்லாம் அதில்தான் ஓடுகிறது. 1946இல் திரிபுவன்தாஸ் படேல் முன்னின்று கேடாவில் தொடங்கிய கூட்டுறவும், வர்கீஸ் குரியன் 1970இல் தொடங்கிவைத்த வெண்மைப் புரட்சியும் இடைத்தரகர் பிடியிலிருந்து அந்தப் பணத்தை மீட்டுக்கொடுத்தன. 1950-51இல் 1.7 கோடி டன்னாக இருந்த நாட்டின் பால் உற்பத்தி 2023-24இல் 23.9 கோடி டன்னைத் தொட்டது. இந்தச் சாதனையைக் குறைசொல்லி, ஏழைப் பெண்ணின் தலையில் அறத்தின் பாரத்தையும் ஏற்றுவது நியாயமா?

நியாயமில்லைதான். அதனால்தான் இந்த விவாதத்தை மாடு வளர்ப்பவரின் கருணையைப் பற்றியதாக நடத்தக் கூடாது என்கிறேன். கன்றைப் பட்டினி போடுகிறவர் கொடியவர் என்பதால் போடவில்லை. கன்று குடிக்கும் மூன்று லிட்டர் அவருக்கு நாளுக்கு நூறு ரூபாய்க்கும் மேல் நட்டம். அந்த நூறு ரூபாயைக் கொடுக்க வேண்டியவர் பாலைக் குடிப்பவர். மலிவுப் பால் என்பது அரசு நமக்குக் கொடுக்கும் மானியமாகத் தோன்றலாம். அதில் பெரும்பங்கு கன்றும் கிழட்டு மாடும் கட்டாயமாகக் கொடுக்கும் மானியம்.

கொடுக்க வசதி இல்லாதவர்களும் இருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால், கொடுக்கக்கூடியவர்கள் ஏற்கெனவே கொடுக்கிறார்கள், வேறு காரணத்துக்காக. ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு ‘ஏ2’ என்று முத்திரையிட்ட நாட்டு மாட்டுப் பால் லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விலைபோகிறது. அந்த முத்திரையை நீக்கச் சொல்லி 2024 ஆகஸ்ட்டில் உத்தரவிட்ட உணவுப் பாதுகாப்பு ஆணையம், சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. தன் உடம்புக்கு நல்லது என்று நம்பி நூறு ரூபாய் கொடுக்கும் ஒருவர், அந்த மாட்டின் காளைக் கன்று எங்கே போனது என்று கேட்பதில்லை. பணம் இல்லாமல் இல்லை, கேள்விதான் இல்லை.

என்ன செய்யலாம்?

நேர்மையான பாதைகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, எந்த உயிரையும் அறுக்க அனுப்பாத பால். அது விலை கூடியதாக, அளவில் குறைந்ததாகவே இருக்க முடியும். மற்றொன்று, பாலும் இறைச்சியும் பிரிக்க முடியாத ஒரே தொழில் என்று ஒப்புக்கொண்டு, அந்தச் சாவை முடிந்தவரை வலியற்றதாக ஆக்குவது. முதலாவது என் மனதுக்கு நெருக்கமானது. இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பவரிடமும் எனக்குச் சண்டை இல்லை. மலிவுப் பாலும் வேண்டும், மாட்டுப் பொங்கலும் வேண்டும், அடிமாட்டு லாரி கண்ணில் படவும் கூடாது என்கிற மூன்றாவது பாதைதான் பொய்யானது. நாட்டில் பெரும்பாலோர் நடப்பது அதில்தான்.

கூட்டுறவு அமைப்பு கையில் இருப்பதால் தமிழ்நாடு சிலவற்றை உடனே தொடங்கலாம். சங்கத்தில் பதிவான ஒவ்வொரு ஈத்துக்கும் கன்று மூன்று மாதம் உயிரோடு இருந்தால், அது காளையாக இருந்தாலும், கன்று குடித்த பாலுக்கு ஈடாக ஒரு தொகை உற்பத்தியாளருக்குக் கொடுக்கலாம். முதல் ஈத்தில் அதிகம் கறக்கும் மாட்டைப் பரிசளித்துக் கொண்டாடுவதை நிறுத்தி, எட்டாவது ஈத்திலும் நோயில்லாமல் நிற்கும் மாட்டின் உரிமையாளருக்கு அந்தப் பரிசைக் கொடுக்கலாம். பரிசு எதற்குக் கிடைக்கிறதோ அந்தத் திசையில்தான் இனவிருத்தியும் போகும். காதில் மாட்டும் எண் அட்டை இப்போது மாடுதோறும் வந்துகொண்டிருக்கிறது. தடுப்பூசிக்குப் பயன்படும் அதே எண்ணைக் கொண்டு, மாடு கடைசியில் எங்கே போனது என்பதையும் பதிவுசெய்யலாம்.

ஆவின் ஐந்தாறு நிறப் பாக்கெட்டுகளை விற்கிறது. கன்று தாயோடு இருக்கும், மாடு அறுக்கப்படாது என்ற உறுதியோடு இன்னொரு நிறப் பாக்கெட்டை முழு விலைக்கு விற்றுப் பார்க்கலாம். வாங்குபவர் சிலராகவே இருப்பார்கள். ஆனாலும் அந்தப் பாக்கெட்டின் விலை, மற்றப் பாக்கெட்டுகளில் எது விட்டுப்போயிருக்கிறது என்பதைக் கடை வாசலிலேயே சொல்லிவிடும். மறுபுறம், அறுப்புச் சட்டத்தில் உள்ள பாசாங்கை நீக்க வேண்டும். வதைத்து மாநில எல்லை கடத்துவதைவிட, கால்நடை மருத்துவர் மேற்பார்வையில், மயக்கி அறுக்கும் கூடங்கள் மாவட்டத்துக்குள் இருப்பது மாட்டுக்கு நல்லது. இதைச் சொல்ல அரசியல் துணிச்சல் வேண்டும். சொல்லாமலிருப்பதன் விலையை லாரியில் நெருக்கியடித்து நிற்கும் மாடு கொடுக்கிறது.

நுகர்வோர் செய்ய வேண்டியது ஒன்றே: குறைத்துக் குடிப்பது. பால் காப்பி தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளுக்குள் வந்து நூறாண்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. நீராகாரமும் கூழும் குடித்து வேலைக்குப் போன சமூகம் இது. நாளுக்கு மூன்று வேளைக் காப்பி, ஐஸ்கிரீம், பன்னீர், வாரந்தோறும் நெய் இனிப்பு என்ற அளவை எந்த அறமான பண்ணையாலும் ஈடுகட்ட முடியாது. பால் உண்மையிலேயே தேவைப்படுவது குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும்தான். அவர்களுக்கான பாலுக்கு அரசு வெளிப்படையாக மானியம் கொடுக்கட்டும். மற்றவர்கள் முழு விலை கொடுக்கட்டும், அல்லது வரக்காப்பிக்குப் பழகட்டும்.

பாலை அறத்தோடு உற்பத்தி செய்ய முடியுமா? முடியும். இன்றைய விலைக்கும் இன்றைய அளவுக்கும் முடியாது. அடுத்த முறை பால் விலையை நிர்ணயிக்க அதிகாரிகள் உட்காரும்போது தீவனம், போக்குவரத்து, குளிரூட்டல், பாக்கெட் என்று செலவினங்களை எழுதுவார்கள். அந்தப் பட்டியலில் காளைக் கன்றுக்கும் வற்றிய பசுவுக்கும் இரண்டு வரி சேர்க்கச் சொல்லி, பால் ஊற்றும் சங்க உறுப்பினர்களும் பால் வாங்கும் நாமும் ஒன்றாகக் கேட்க வேண்டும். அந்த இரண்டு வரிக்கான பணத்தைக் கொடுக்கத் தயாராக இருப்பவர்களுக்கு மட்டுமே, தாங்கள் குடிக்கும் பால் நியாயமானது என்று சொல்லும் உரிமை உண்டு.